வீட்டுக்குப் போறது யாரு

பத்மாவதி அக்கா குரல் கொடுக்காமல் எங்கள் நூலகத்தில் யாரும் வீட்டுக்குப் புறப்படுவதில்லை. மாலை ஐந்து மணிக்கு அவர் எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "வீட்டுக்குப் போறது யாரு?" என்று கூப்பிடுவார். ஆள் மெலிந்தவர், குரல் பெரிது. அலுமாரிகளுக்கு இடையில் போய் அந்தக் குரல் பின் சுவரில் பட்டுத் திரும்பும்போது, நாங்கள் இருந்த இடத்திலிருந்தே "நான்", "நான்" என்று பதில் சொல்லுவோம்.

புறக்கோட்டையின் ஓரத்தில், துறைமுகத்துக் கப்பல்களின் சங்கொலி கேட்கும் தூரத்தில் இருந்தது அந்த நூலகம். ஒரு வழக்கறிஞரின் குடும்பம் தர்மத்துக்கு விட்ட பழைய கட்டடம். அவர் சேர்த்து வைத்த இங்கிலாந்துப் பாராளுமன்ற விவாதத் தொகுதிகள் முந்நூற்றுக்கு மேல் மாடியில் இருந்தன. எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. அவற்றுக்குப் பொருள் அட்டவணை போடுவதுதான் பத்மாவதி அக்காவின் வேலை. ஒரு விடயத்துக்கு ஒரு சிறு அட்டை. பதினோரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்.

1997இல் அவருக்கு உதவியாகத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வரலாற்றுப் பட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்தபின் கிடைத்தது இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, முதல் நாள் இரவு சாப்பிடும்போது கேட்டார்: "அந்தப் புத்தகங்கள்ல என்ன இருக்கு?" நான் யோசித்தேன். ஒரு ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட ஒரு சட்டமூலம், முதலாம் முறை வாசிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தபால் வேண்டாம் என்று ஒரு மனு, மேசைமேல் வைக்கப்பட்டது. ஒரு ரயில் பாதை, ஒரு மயானம், ஒரு சுங்கச்சாவடி. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? "பழைய விசயங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பத்மாவதி அக்காவிடம் கேட்டிருந்தால் அவர் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. ஜிந்துப்பிட்டியில் இரண்டு அறை வீட்டில் அம்மா பேச்சியம்மாவோடு இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். அப்பா செட்டியார் தெருவில் ஒரு துணிக்கடையில் சேவகராக இருந்து இறந்தவர். அக்கா உயர்தரம் நன்றாகப் படித்தும் பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. கல்யாணம் இரண்டு தடவை பேசி இரண்டு தடவையும் நின்றுபோயிற்று. இதையெல்லாம் அவர் வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல ஒரு நாள் தேநீர் நேரத்தில் சொல்லி முடித்துவிட்டு, "அது கிடக்கட்டும். 1846இல ஒரு நாள் பாராளுமன்றத்துல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

அவர் பெரிய பேச்சாளர்களைத் தேடியதில்லை. வெறும் நாட்களைத்தான் விரும்பினார். ஒன்றும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மூடுபனி, உள்ளே மஞ்சள் விளக்கு. ஒருவர் எழுந்து ஒரு வாய்க்காலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறார். எதிரில் இருப்பவர்கள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்கள். நாற்பது பேர் இல்லையென்று யாரோ ஒருவர் எழுந்து சொல்கிறார். சபாநாயகர் எழுந்து ஒவ்வொரு தலையாக எண்ணுகிறார். தன்னையும் சேர்த்து நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தெட்டு. அவ்வளவுதான், சபை கலைந்தது. வாய்க்கால்காரரின் பேச்சு பாதியில் நின்றது.

"பாவம்" என்பார் அக்கா. "அவரு வீட்டுல போய் மிச்சத்தை யாருகிட்டச் சொல்லியிருப்பாரு?"

இப்படி அவர் பேசும்போது கண்கள் யன்னலுக்கு வெளியே போய்விடும். வெளியே புறக்கோட்டையின் லொறிகளும் வெங்காய மூட்டைகளும் இருக்கும். அவருக்கு அங்கே குதிரை வண்டிகள் தெரிந்தன என்றுதான் நான் நினைக்கிறேன். இருக்கைக்கு அடித்துப் பிடித்துப் போட்டி என்பதால் அங்கத்தவர்கள் காலையிலேயே வந்து தொப்பியை இருக்கையில் வைத்துவிட்டுப் போவார்கள், தொப்பி இருந்தால் ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம் என்று ஒரு நாள் சொன்னார். நூலகத்தில் எடுபிடி வேலை பார்த்த இராமர் உடனே, "இதைத்தானே நம்ம ஆளுங்க பஸ் யன்னலால கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிச்சுச் செய்றாங்க! வெள்ளைக்காரன் நம்மகிட்டக் கத்துக்கிட்டது" என்றார். இராமருக்கு எதையும் ஊரோடு முடிச்சுப் போட்டால்தான் தூக்கம் வரும்.

ஐந்து மணிக் கூப்பாடும் அந்தத் தொகுதிகளில் இருந்து வந்ததுதான். சபை கலையும்போது வாயில்காவலர் "யார் வீட்டுக்குப் போவது?" என்று உரக்கக் கூவுவாராம். ஒரு காலத்தில் அந்த வழி வெறும் வெளியாக இருந்தது, திருடர் பயம், அதனால் போகிறவர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போவதற்காகக் கூவினார்கள் என்று சொல்லுவார்கள். பாதைகள் ஒழுங்கான பிறகும், பயம் போன பிறகும், கூவுவது மட்டும் நிற்கவில்லை.

யுத்தம் நடந்த காலம், எங்களுக்குப் பயம் போகவில்லை. அதனால் அக்கா அதை எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே வழி. கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் இறக்கி, வரிசையில் நிறுத்தி, மறுபடி ஏற்றுவார்கள். நடந்து போனால் ஒரே ஒரு சோதனைச் சாவடி. ஆகவே நடந்தோம். பத்மாவதி அக்கா, இராமர், நான், கிராண்ட்பாஸுக்குப் போகிற ஷபீகா, பிறகு ரமணி. ரமணி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். அவளுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்; சாவடியில் சந்தேகப்பட அது ஒன்றே போதும். அந்த வருடம் மே மாதத்தில் தனியாகப் போன ஒரு நாள், அட்டையை நூலகத்தில் மறந்துவிட்டதால், சாவடியில் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். அறை கொடுத்த வீட்டம்மா, "இனி ஒரு தரம் பொலிஸ் இந்த வாசல்ல வந்து நிண்டா நீ வேற இடம் பாரு பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு இரவைப் பற்றி ரமணி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து நான் அவளைப் பார்த்ததில்லை.

அதற்குப் பின்தான் அக்கா அட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினார். காலையில் வந்ததும் ஐவரின் அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரு நீலப் பிளாஸ்டிக் உறைக்குள் போகும். உறை அவருடைய கைப்பைக்குள். மாலையில் சாவடியில் அதை ஒரு மனுவைச் சமர்ப்பிப்பது மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார். "அபி புஸ்தகாலெ அய" என்பார். நாங்கள் நூலகத்து ஆட்கள். அங்கிருந்த சிப்பாய்க்கு நாளடைவில் அது பழகிவிட்டது. அட்டைகளை எண்ணுவான், தலைகளை எண்ணுவான். "பஸ் தெனாய்" என்பான். ஐந்து பேர். போகச் சொல்லிக் கையைக் காட்டுவான். முகங்களைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டான்.

"அட்டை உங்களிட்ட இருக்கும்போது எனக்குப் பயமில்லை அக்கா" என்று ரமணி ஒரு தடவை சொன்னாள். "நீங்கள் கூப்பிடாமல் நான் வாசற்படி தாண்டமாட்டன்."

ஜூலையில் மழை ஏமாற்றியது. வாய்க்கால்கள் வற்றி, நகரத்தின் அந்தப் பக்கம் முழுக்க ஒரு அழுகல் வாடை. அந்தக் கிழமைதான் அக்கா 1858ஆம் ஆண்டின் கோடைக்கு வந்து சேர்ந்திருந்தார். அந்தக் கோடையில் தேம்ஸ் நதி நாறியது. லண்டனின் கழிவெல்லாம் ஆற்றில். பாராளுமன்றமோ ஆற்றங்கரையில். யன்னல் திரைச்சீலைகளை மருந்துச் சுண்ணாம்பு கலந்த நீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அங்கத்தவர்கள் அறையை விட்டு ஓடினார்கள். அப்படி இருந்தும் சபை நடந்தது. சட்டமூலங்கள் வாசிக்கப்பட்டன, மனுக்கள் மேசைமேல் வைக்கப்பட்டன.

"வாசிச்சுப் பாரு தங்கச்சி" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "நாறுது, ஆனா யாருமே வேலையை நிப்பாட்டல்ல."

"நாங்க மட்டும் நிப்பாட்டினோமா?" என்றாள் ஷபீகா, மூக்கைப் பொத்திக்கொண்டு. "எனக்குத் தலையே சுத்துது. ஒரு திரையை நனைச்சுப் போடுங்களேன்."

இராமர் விளையாட்டுக்கு என்று கீழே போய், உண்மையாகவே யன்னல் திரையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து தொங்கவிட்டார். அறை சற்றுக் குளிர்ந்து, வெளிச்சம் பச்சையாக மாறியது. ஈரத் திரை காற்றில் மெதுவாக ஊதிக்கொண்டு எழுந்து சுருங்கியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா மூடி திறந்தபடியே கிடந்தது. அந்தப் பின்னேரம் அவர் எழுதிய அட்டைகள் இரண்டோ மூன்றோதான். நான் எதிரில் இருந்து பார்த்தேன். ஒரு ஆள் தன் கதிரையிலேயே இருந்துகொண்டு இவ்வளவு தூரம் போக முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கு ஒரு பட்டம் இருந்தது, அவருக்கு அந்த ஆறு இருந்தது. எது கூடப் பெறுமதி என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஐந்து மணி அடித்தபோது அவர் கூப்பிடவில்லை. எழுந்தார், பையை எடுத்தார், படியிறங்கினார். நானும் இராமரும் பின்னால் போனோம். கீழே ஷபீகா நின்றாள். பத்திரிகை வாசிக்கத் தினமும் வருகிற மக்கீன் நானாவும் நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரர், கிராண்ட்பாஸ் ஆள். "நானும் உங்களோட நடந்து வாரன் தங்கச்சி, பஸ்ஸுக்குள்ள இண்டைக்கு நிக்கேலா" என்றார். அக்கா தலையாட்டினார். தெருவுக்கு இறங்கும்போது ஒவ்வொரு தலையாகப் பார்த்தார், உதடு அசைந்தது. தன்னையும் சேர்த்து ஐந்து.

ரமணி இல்லையென்று எனக்குத் தோன்றியது. அதை இன்று மறைப்பதில் பயனில்லை. அவள் அரைநாள் விடுமுறையில் போயிருப்பாள் என்று நானே எனக்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேன். அக்கா எண்ணிவிட்டார், அக்கா பிழைவிடமாட்டார். கேட்டால் அவர் முகத்தில் இருந்த அந்தக் கனவு கலைந்துவிடும் என்றும் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் எனக்குக் கேள்வி கேட்கத்தான் கற்றுத்தந்தார்கள்.

செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் விளக்குப் போடத் தொடங்கியிருந்தார்கள். வெயில் மஞ்சளாகச் சரிந்து கோயில் கோபுரத்தின் மேல்பாதியில் மட்டும் நின்றது. சாவடியில் அக்கா உறையை நீட்டினார். சிப்பாய் அட்டைகளை விரலால் தள்ளி எண்ணினான். ஐந்து. தலைகளைப் பார்த்தான். ஐந்து. "பஸ் தெனாய்" என்றான்.

ஜம்பட்டா வீதி முனையில்தான் நாங்கள் பிரிவோம். அங்கேதான் அக்கா உறையைத் திறந்து அட்டைகளைத் திருப்பிக் கொடுப்பார். ஷபீகாவுக்கு, இராமருக்கு, எனக்கு. தன்னுடையதைப் பைக்குள் போட்டார். கடைசி அட்டையைப் பார்க்காமலே மக்கீன் நானாவிடம் நீட்டினார்.

"எனக்கு என்னத்துக்கு?" என்று நானா சிரித்தார். "என்ட ஐசி என்ட பொக்கட்டுல ஈக்கி. அவன் கேக்கவே இல்லையே!"

அக்கா கையில் இருந்த அட்டையைத் திருப்பினார். ரமணி அதிலிருந்து எங்களைப் பார்த்தாள்.

ஒரு முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனது.

"அல்லாவே, அந்தப் புள்ள அங்கயா ஈக்கி?" என்றாள் ஷபீகா. ஓடிப்போய் மூலையில் இருந்த கொமினிகேஷன் கடைத் தொலைபேசியில் நூலகத்துக்கு அழைத்தாள். தொலைபேசி இருந்த அறையை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள்; உள்ளே மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்ததாக வந்து சொன்னாள். இராமர், "நான் போறேங்க, குடுங்க" என்று கையை நீட்டினார்.

"என் பையில இருந்த அட்டை" என்றார் அக்கா. "நான்தான் போகணும்." பிறகு ரொம்ப மெதுவாக, "நான் கூப்பிடல்ல. எண்ணினேன். கூப்பிடல்ல" என்றார்.

நானும் கூட நடந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் முழுக்க வீட்டுக்கு வரும் நேரத்தில் நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில் போனோம். தோள்கள் மோதின. ரமணி தனியாகக் கிளம்பியிருந்தால் இந்நேரம் சாவடியில் நிற்பாள். அட்டை இல்லாமல், இரண்டாவது முறை. எதிரே வந்த முகங்களில் எல்லாம் நான் அவளைத் தேடினேன். அவள் உயரத்தில், அவள் பின்னலோடு, எத்தனை பெண்கள் அந்தத் தெருவில் வந்தார்கள்!

சாவடியில் அவள் இல்லை. சிப்பாய் எங்களைக் கண்டதும் துப்பாக்கியின் வாரைச் சரிசெய்தான். "ஆயெத் கொஹெத, அக்கே?" மறுபடி எங்கே என்று கேட்டான். அக்கா உறையை நீட்டினார். மூன்று அட்டை: அவருடையது, என்னுடையது, ரமணியுடையது. அவன் எங்களை எண்ணினான். இரண்டு.

ஒரு அட்டையை ஒளித்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். பைக்குள், ரவிக்கைக்குள், எங்காவது. அக்கா ஒளிக்கவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒன்றும் விடாமல் சொன்னார். எங்கள் ஆள் ஒருத்தியை விட்டுவிட்டு வந்துவிட்டோம், ஐந்தாவது தலை வேறு ஒருவர், நான் பிழையாக எண்ணினேன் என்றார். அவனும் பிழையாகத்தான் எண்ணினான் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அது விளங்கிவிட்டது. காது சிவந்தது. ரமணியின் அட்டையை வெகுநேரம் பார்த்தான். விலாசத்தில் விரலை வைத்தான். பின்னால் மணல் மூட்டைகளுக்கு அப்பால் அவனுடைய மேலதிகாரி முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் குடித்தார்.

அவன் ரமணியின் அட்டையையும் என்னுடையதையும் திருப்பிக் கொடுத்தான். அக்காவுடையதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவளைக் கூட்டிக்கொண்டு வா, அப்போது தருகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னான்.

ஆக இப்போது அட்டை இல்லாமல் நடந்தது அக்கா. பத்தடி போனதும் என் பக்கம் குனிந்து, "தொப்பியை வச்சிட்டு வந்திருக்கேன்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

புறக்கோட்டையில் கடைகளின் தகரக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. வானம் கருநீலமாகியது. அழுகிய வாய்க்காலின் வாடை எங்களுக்கு முன்னால் போனது. அக்கா எதையும் பார்க்காமல் நடந்தார். மூடுபனியில் ஆட்கள் இப்படித்தான் நடந்திருப்பார்கள் போலும், முன்னால் இருக்கிற ஒரு விளக்கை மட்டும் நம்பிக்கொண்டு.

நூலகத்தின் வாசல் விளக்கு எரிந்தது. அதன் கீழ் இரவுக் காவலுக்கு வரும் சிங்களக் கிழவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், மேல் படியில், மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரமணி இருந்தாள். நிமிர்ந்து, எதிலும் சாயாமல்.

அக்கா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பின்கட்டில பழைய பேப்பர் கட்டிக்கொண்டிருந்தனான்" என்றாள் ரமணி. "ஐஞ்சரையாச்சு, ஆறாச்சு. நீங்கள் கூப்பிடேல்லையே அக்கா. அதுதான் இருந்தனான்."

"நாங்க போய்ட்டோம் பிள்ளை. தெரியல்லையா உனக்கு?"

"தெரிஞ்சது. மேல வந்து பார்த்தன், ஒருத்தரும் இல்லை." அவள் கொஞ்சம் யோசித்தாள். "கூப்பிடாமல் நீங்கள் போனால் நாள் இன்னும் முடியேல்லை எண்டுதானே அர்த்தம்?"

காவல்காரக் கிழவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா படியேறி, அட்டையை எடுத்து ரமணியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். வாசலின் நடுவில் போய் நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"வீட்டுக்குப் போறது யாரு?"

எதிர்க் கடையின் கதவை இறக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். காகங்கள் சில கிளம்பின. ரமணி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, "நான்" என்றாள். நானும் சொன்னேன்.

சாவடியில் சிப்பாய் இந்த முறை முகங்களைப் பார்த்தான். ரமணியின் அட்டையையும் ரமணியையும் பார்த்தான். "துன் தெனாய்" என்றான். மூன்று பேர். சட்டைப்பையிலிருந்து அக்காவின் அட்டையை எடுத்துக் கொடுத்தான். வியர்வையில் அதன் ஓரம் நனைந்திருந்தது.

அந்த இரவு அப்பா சாப்பிடும்போது ஏன் தாமதம் என்று கேட்டார். சொன்னேன். 1858இலிருந்து தொடங்கித்தான் சொல்ல முடிந்தது. சோறு ஆறிப்போகும்வரை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா ஈரத் திரையைக் கழற்றி வெயிலில் போட்டார். நீல உறையை என்னிடம் காட்டி, இனி அவரவர் அட்டை அவரவர் கையில் என்றார். ஐந்து மணிக்கு எழுந்தார், வாயைத் திறந்தார், ஆனால் குரல் வரவில்லை. அவருக்கு அப்படி ஆனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பின்கட்டிலிருந்து மேலே வந்திருந்த ரமணி கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்து வாயால், "வீட்டை போறது ஆர்?" என்று. அவள் குரல் சிறிது, பின் சுவர்வரை போகவில்லை.

"ஷபீகா!" என்றாள் ஷபீகா. வெறும் "நான்" என்று சொல்லவில்லை. இராமர் தன் பெயரைச் சொன்னார், நான் என்னுடையதைச் சொன்னேன். கீழே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மக்கீன் நானாவும் மாடிப்படியைப் பார்த்துத் தன் பெயரைச் சத்தமாகச் சொன்னார். எல்லாருக்கும் பிறகு, பேனாவை மூடிக்கொண்டே, பத்மாவதி என்றார் அக்கா.